அம்மா பூங்காவில் மாட்டிவிட்டு வந்த தாள்

சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் ஓர் ஆற்றங்கரை ஊர். பெயரை எழுதப்போவதில்லை, அங்கே பிறந்த ஒருவர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவரைப் பற்றிப் பின்னால் வருகிறது. சிறிய ஊர் என்றுதான் கம்பெனியில் சொல்லி அனுப்பினார்கள். ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் முப்பது மாடிக் கட்டிடங்கள் வரிசைகட்டி நின்றன. அம்மா அண்ணாந்து பார்த்துவிட்டு, "இதா சின்ன ஊரு? அப்ப நம்ம கோபிச்செட்டிபாளையத்தை என்னன்னு சொல்றது?" என்றாள்.

அது 2025 செப்டம்பர். நான் டெக்ஸஸில், டாலஸுக்கு வடக்கே ஆலனில் இருக்கிறேன். ஏசி கம்ப்ரஸர் செய்யும் கம்பெனியில் தரம் பார்க்கும் எஞ்சினியர் வேலை. எங்களுக்கு உதிரி பாகங்கள் அனுப்பும் தொழிற்சாலை அந்த ஊரில் இருந்ததால் இரண்டு வாரம் போக வேண்டி வந்தது. அம்மா ஆறு மாதம் என்னோடு இருக்க வருவதும் அதே சமயம்தான். காரில்லாமல் ஒரு கொத்தமல்லிக் கட்டு வாங்க முடியாத ஆலனில், அப்பாவும் இல்லாத இந்தக் காலத்தில், அவளைத் தனியாக விட எனக்கு மனமில்லை. கோயம்புத்தூரிலிருந்து சிங்கப்பூர் வழியாக நேரே சீனாவுக்கு வரவழைத்து, வேலை முடிந்ததும் சேர்ந்து அமெரிக்கா திரும்பலாம் என்று ஏற்பாடு செய்தேன்.

இன்னொரு திட்டமும் மனதில் இருந்தது. எனக்கு வயது முப்பத்தொன்பது. திருமணம் ஆகவில்லை. அம்மா பெண் தேடத் தொடங்கியது 2015இல். எங்கள் பக்கத்தில் பெண் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்பது ஊரறிந்த விஷயம். தரகர்கள், இணையதளம், ஜாதகம், கிரீன் கார்டு வந்துவிட்டதா என்ற கேள்வி. எல்லாவற்றுக்கும் அம்மா சளைக்காமல் பதில் சொல்லிவந்தாள். நான் மூன்று வருடங்களுக்கு முன்பே மனதளவில் அதிலிருந்து வெளியேறிவிட்டேன். "போதும்மா, நிறுத்திக்கலாம்" என்று இந்த ஆறு மாதத்துக்குள் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட வேண்டும். போனில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை அது.

தொழிற்சாலையில் எனக்கு மொழிபெயர்ப்புக்கு வந்த இளம்பெண், அம்மா பகலெல்லாம் தனியாக இருப்பாள் என்று கேள்விப்பட்டு, வெளியூர்க்காரர்கள் அந்த ஊரில் எப்படிப் பொழுது போக்க வேண்டும் என்று சொல்லித் தந்தார். காலையில் ஆற்றங்கரையில் நடனம். பிறகு பழைய தெருவில் காலை உணவு. மதியத்துக்கு மேல் தேநீர்க்கடை. ஞாயிறன்று பூங்கா. "வேகமா நடக்காதீங்க. எங்க ஊர்ல வேகமா நடந்தா ஏதோ ஆபத்துன்னு நினைப்பாங்க" என்றார். கேலியா உண்மையா என்று தெரியவில்லை.

அம்மாவுக்கு அந்த ஊர் உடனே பிடித்துவிட்டது. ஐம்பது அறுபது பெண்கள் ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டு வரிசையாக ஆடுவதை முதல் இரண்டு நாள் நின்று பார்த்தாள். மூன்றாம் நாள் கடைசி வரிசையில் சேலையோடு நின்று கையை வீசிக்கொண்டிருந்தாள். சாப்பாட்டைப் பற்றி மட்டும் ஒரு புகார். "காரம் பரவால்ல கண்ணு. நாக்கு எதுக்கு மரத்துப் போவுது? பல்லு புடுங்கப் போன எடத்துல ஊசி போட்டாப்புல இருக்குது." தேநீர்க்கடையில் மேசை மேசையாக வந்து காது குடைந்துவிடும் ஒருவர், இரும்புக் கவையைத் தட்டி ஓசை எழுப்பியபடி எங்களிடமும் வந்தார். அம்மா இரண்டு காதையும் முந்தானையால் மூடிக்கொண்டாள். கடையே சிரித்தது.

அந்தத் தேநீர்க்கடையில்தான் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். சனிக்கிழமை மதியம். மூங்கில் நாற்காலிகள். மூடி போட்ட கிண்ணத்தில் தேயிலை. குடிக்கக் குடிக்க ஒருவர் வந்து வெந்நீர் ஊற்றிக்கொண்டே இருப்பார். ஒரு கிண்ணம் வாங்கினால் பொழுது சாயும்வரை யாரும் எழுப்பமாட்டார்கள். சுற்றிலும் சீட்டு, மாஜோங் கட்டைகளின் சளசளப்பு, சூரியகாந்தி விதைத் தொலி. எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். என்னால் உட்கார முடியவில்லை. ஆலனில் சனிக்கிழமை என்றால் காருக்கு ஆயில் மாற்ற வேண்டும், மளிகை வாங்க வேண்டும், புல் வெட்ட வேண்டும், மாலையில் யார் வீட்டிலாவது ஆளுக்கொரு பண்டம் கொண்டுபோகும் பாட்லக் விருந்து. ஓய்வுக்கும் ஒரு நேரம் குறித்துக் கார் எடுத்துக்கொண்டு போய்ச் சேர வேண்டும். இங்கே செய்வதற்கு ஒன்றுமே இல்லாததால் சொல்ல வேண்டியது மட்டுமே மிச்சம் இருந்தது. காலை ஆட்டினேன். போனை எடுத்தேன், வைத்தேன். எழுந்து வாசல்வரை போய்வந்தேன்.

"என்னடா, வயிறு சரியில்லையா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல."

"அப்ப செத்த சும்மா உக்காரு. பக்கத்துல இருக்கறவங்களுக்குத் தலை சுத்துது."

சொல்லவில்லை.

மறுநாள் பூங்கா. ஆலமரத்துக்கு உறவு போலத் தெரிந்த பெரிய மரங்கள். அவற்றுக்கிடையே கயிறு கட்டி, துணி காயப்போடும் கிளிப் கொண்டு நூற்றுக்கணக்கான தாள்களை மாட்டியிருந்தார்கள். தரையில் விரித்து வைத்த குடைகளின் மேலும் தாள்கள். பக்கத்தில் முக்காலி போட்டு வயதானவர்கள். எங்களைப் போன்ற வெளியூர்க்காரர்கள் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள்.

"வேலைக்கு ஆள் எடுக்கறாங்களா?" என்றாள் அம்மா.

போனில் மொழிபெயர்ப்புச் செயலியைத் திறந்து ஒரு தாளின் முன் பிடித்தேன். எழுத்துகள் நடுங்கி மாறின. பெண். 1991. வங்கி வேலை. சொந்த வீடு உண்டு. புகை பிடிக்காதவர், பெற்றோரை மதிப்பவர் தேவை. வாசித்துச் சொன்னேன்.

அம்மா அசையாமல் நின்றாள். "டேய். இது ஜாதகம்டா."

பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. என் போனைப் பிடுங்கிக்கொண்டு தாள் தாளாகப் போனாள். "இதும் பொண்ணு. இதும் பொண்ணு. இது டாக்டரு! நம்மூர்ல ஒரு பொண்ணுக்கு நான் செருப்புத் தேய அலையறேன், இங்க கொடியில காயப்போட்ட மாதிரி தொங்குது!"

முக்காலியிலிருந்து ஒரு அம்மாள் எழுந்து வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தன் போனில் ஏதோ சொன்னார். போன் ஆங்கிலத்தில் கேட்டது: இவர் எந்த ஆண்டு?

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா விரலால் எழுதிக் காட்டினாள். 1986.

அந்த அம்மாள் இரு கைகளையும் நகம் போல மடக்கி, "புலி" என்று சைகை செய்தார். போனும் அதையே உறுதிப்படுத்தியது: அவர்கள் கணக்கில் அது புலி வருஷம்.

"புலியா? இவனா?" அம்மா சிரித்த சிரிப்பில் நாலைந்து பேர் திரும்பினார்கள். "ஏனுங்க, கரப்பான்பூச்சி வந்தா கட்டல் மேல ஏறி நிக்கறவனுங்க இவன்." அதைத் தமிழிலேயே சொன்னாள். அந்த அம்மாளும் சிரித்தார்.

நமக்கு இருப்பது போலவே அவர்களுக்கும் அறுபது ஆண்டுச் சுழற்சி உண்டு என்று புத்தகங்களில் படித்திருக்கிறேன். எங்கள் கணக்கில் நான் அட்சய வருஷம். இதை அம்மாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. "அப்பப் பொருத்தமும் பாக்கலாம்" என்றாள். நான் அவள் கையைப் பிடித்து வெளியே அழைத்து வந்துவிட்டேன்.

செப்டம்பர் கடைசியில் ஆலன் வந்து சேர்ந்தோம். அம்மா முதல் வாரமே ஜன்னலருகில் நின்றபடி கேட்டாள்: "இந்த ஊர்ல சனம் எங்கடா இருக்குது? காரு போவுது, வருது. எறங்கற ஆளையே காணோம்." காலையில் குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் குளத்தைச் சுற்றி நடப்பாள். எதிரே வருகிறவர்கள் "ஹாய்" சொல்லிவிட்டு நாயோடு போய்விடுவார்கள். நான் வேலை முடிந்து வரும்போது கதவருகிலேயே நிற்பாள். சொல்ல வேண்டியதை அந்த முகத்திடம் எப்படிச் சொல்வது என்று அக்டோபர் முழுவதும் தள்ளிப்போட்டேன்.

அக்டோபர் மூன்றாவது வாரம், இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால், அம்மாவின் போனில் வீடியோ அழைப்பு. திரையில் பூங்காவில் பார்த்த அதே அம்மாள். பின்னால் ஆறு. அங்கே மறுநாள் காலை.

"யாரும்மா?"

"பழக்கமானவங்க."

"இவங்க நம்பர் உன்கிட்ட எப்படி?"

அம்மா தட்டை எடுத்து வைப்பதில் மும்முரமானாள். "நீ திங்கக்கெழமை ஃபேக்டரி போனயல்ல. ஓட்டல் ரிசப்ஷன்ல இருக்கற புள்ளைகிட்டச் சொல்லி ஒரு தாள் எழுதி வாங்குனேன். கொண்டுபோய் மாட்டிட்டு வந்தேன். அவ்வளவுதான்."

"எதை மாட்டின?"

"உன்னத்தான்."

தாளைத் தன் போனில் படம் எடுத்து வைத்திருந்தாள். மொழிபெயர்த்துப் படித்தேன். ஆண். புலி. எஞ்சினியர். அமெரிக்கா. சமைக்கத் தெரியும். கோபம் வராது. கடைசி வரி: குடும்பம் எந்தப் பின்னணியாக இருந்தாலும் சரி.

"இந்தக் கடைசி வரி என்னம்மா?"

"சாதி தடையில்லைன்னு எழுதச் சொன்னேன். அந்தப் புள்ளைக்குப் புரியல. எப்படியோ எழுதுச்சு."

பத்து வருடத்தில் எந்தத் தரகரிடமும் அவள் சொல்லாத வார்த்தை. எங்கள் சாதிக்குள்ளேயே, எந்தக் குலக் கூட்டத்தில் பெண் எடுக்கலாம் எதில் கூடாது என்று விரல்விட்டு எண்ணுகிறவள். நான் கோபப்பட ஆரம்பித்தவன் அந்த வரியில் தடுக்கி நின்றேன். "இதை நம்மூர்ல சொல்லியிருக்கலாமே?"

"நம்மூர்ல சொன்னா நாலு பேர் கேப்பாங்க. அங்க யாரு என்னைக் கேக்கறது?"

அந்த அம்மாளின் மகள் ஹூஸ்டனில் வேலை பார்க்கிறாராம். வயது முப்பத்தாறு. தாளில் அமெரிக்கா என்று பார்த்ததும் அந்த அம்மாளே அதிலிருந்த எண்ணில் தொடர்பு கொண்டிருக்கிறார். இரண்டு அம்மாக்களும் போனின் மொழிபெயர்ப்பை நடுவில் வைத்துக்கொண்டு, நான் ஆபீஸில் இருக்கும்போது, எல்லாம் பேசி முடித்திருந்தார்கள். எப்படியும் பேர்லேண்ட் மீனாட்சி கோயிலுக்குப் போவதாக இருந்தோம். ஹூஸ்டனை ஒட்டிய ஊர். அங்கேயே பார்த்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு.

"ஒரே ஒரு தடவை பாரு. அப்புறம் நான் வாயே தொறக்க மாட்டேன்."

"இதை நீ எத்தனை தடவை சொல்லியிருக்க?"

"இதுதான் கடைசி."

நவம்பர் இரண்டாவது சனிக்கிழமை கிளம்பினோம். ஃப்ரீவேயில் ஐந்து மணி நேரம். சட்டை நிறம் சரியில்லை என்பதில் ஆரம்பித்து, நான் சீனத்தில் வணக்கம் சொல்லப் பழக வேண்டும் என்பது வரை அம்மா பேசிக்கொண்டே வந்தாள். அந்தப் பெண்ணைப் பார்ப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும், அதுதான் நியாயம் என்று ஒவ்வொரு எக்ஸிட்டிலும் நினைத்தேன். கை ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தது.

தரிசனம் முடிந்து கேன்டீனில் இட்லித் தட்டுகளோடு உட்கார்ந்தோம். அந்த அம்மாளின் மகள் சரியாகச் சொன்ன நேரத்துக்கு வந்தார். சாம்பல் நிற ஜாக்கெட், தோளில் பை. முதலில் அம்மாவைப் பார்த்துக் கைகூப்பினார். எதிரே உட்கார்ந்து, என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார்: "மன்னிக்கணும். நான் உங்களைப் பார்க்க வரலை. உங்க அம்மாவைப் பார்க்க வந்தேன்."

"நல்லதாப் போச்சு" என்றேன். அவர் முதல் முறையாகச் சிரித்தார்.

அவர் சொன்னது இது. அமெரிக்காவில் வேலை கிடைத்த வருடத்திலிருந்து அவருடைய தாள் அந்தப் பூங்காவில் தொங்குகிறது. ஒவ்வொரு புத்தாண்டுக்கும் அவர் அம்மா புதுத் தாள் எழுதுவார். வயது மட்டும் மாறும். கடைசியாக ஊருக்குப் போனபோது, சிறுவயதிலிருந்து போய்வந்த தேநீர்க்கடையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து மேசையிலிருந்த ஒருவர், முன்பின் தெரியாதவர், இவருடைய உயரத்தையும் சம்பளத்தையும் சொல்லி, "நீதானே அது?" என்று கேட்டிருக்கிறார். அதற்குப் பிறகு அவர் ஊருக்குப் போகவில்லை.

"எங்க ஊருக்கு வர்றவங்களுக்கு அது வேடிக்கை. படம் எடுத்துப் போடறாங்க. ஒருத்தர் போட்ட படத்துல என் பேரு, என் ஊரு, எல்லாம் தெரிஞ்சுது" என்றார். "பிப்ரவரியில் புத்தாண்டுக்குப் போகணும். அந்தக் கடைல ஒரு மதியம் உட்காரணும். அதுக்குள்ள அந்தத் தாளை எடுக்கச் சொல்லுங்க. நான் சொன்னா எங்கம்மா கேக்க மாட்டாங்க. இந்தியாக்கார அக்காவுக்குத்தான் தன் கஷ்டம் புரியும்னு தினமும் சொல்றாங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

வரிக்கு வரி அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா இட்லியைப் பிட்டாள், தட்டிலேயே வைத்தாள்.

"நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுச் சொல்லுவேன்? நானே பையனை மாட்டிட்டு வந்தவ." பிறகு அந்தப் பெண்ணிடம் நேராக, தமிழிலேயே: "உனக்குக் கல்யாணமே வேண்டாமா சாமி?"

மொழிபெயர்த்தேன். அவர் சொன்னார்: "தெரியலை. வேணும்னு தோணினா நானே சொல்லுவேன். நான் சொல்றதுக்கு முன்னாடியே ஊருக்கெல்லாம் சொல்லியாச்சு."

அதைத் தமிழில் சொல்லும்போது என் குரல் எனக்கே வித்தியாசமாகக் கேட்டது. அம்மா அந்தப் பெண்ணைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிளம்பும்போது அம்மா பிரசாதப் பொட்டலத்தை அவர் பையில் வைத்தாள். ஊர்ப் பெயரை எங்கும் சொல்ல வேண்டாம் என்று அவர் என்னிடம் கேட்டுக்கொண்டது அப்போதுதான்.

திரும்பும் வழி. பெட்ரோல் போட நிறுத்தினேன். காபி வேண்டாம் என்றாள் அம்மா. இருட்டத் தொடங்கிய பிறகு, சாலையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"நீ சொன்னது அந்தப் புள்ள சொன்னதா, நீ சொன்னதா?"

"அவங்க சொன்னதுதான்."

"நீயும் அப்படித்தான் நெனைக்கறியா?"

இத்தனை மாதம் ஒத்திகை பார்த்த பேச்சையெல்லாம் விட்டுவிட்டேன். "ஆமாம்மா" என்றேன்.

"எப்பத்துல இருந்து?"

"மூணு வருஷமா."

"மூணு வருஷமா நான் லூசு மாதிரி அலைஞ்சிருக்கேன்." அவ்வளவுதான். பிறகு தூங்குவது போலக் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கவில்லை.

ஞாயிறு மாலை அவளே அந்த அம்மாளை அழைத்தாள். நான் சமையலறையில் இருந்தேன். போன் மாறி மாறி இரண்டு மொழியில் பேசியது. முதலில் மெதுவாக, பிறகு அந்தப் பக்கத்துக் குரல் உயர்ந்தது. அழைப்பு துண்டிக்கப்பட்டது. "வெச்சுட்டாங்க" என்றாள் அம்மா. "நீங்களும் இப்படியான்னு கேட்டாங்க."

அந்த வாரம் முழுவதும் அழைப்பு வரவில்லை. அம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டு மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் நடந்தாள். துவைத்த துணியை மறுபடி துவைத்தாள். குளத்தைச் சுற்றப் போனவள் பாதியில் திரும்பினாள். "அங்க இப்ப மணி என்ன?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நவம்பரில் இங்கே கடிகாரத்தைத் திருப்பி வைத்ததில் வித்தியாசம் ஒரு மணி கூடியிருந்தது; அது அவளுக்குப் பிடிபடவே இல்லை.

சனிக்கிழமை மாலை ஏழு மணி. அங்கே ஞாயிறு காலை. அழைப்பு வந்தது. அந்த அம்மாள் பூங்காவில் நின்றிருந்தார். வணக்கம் எதுவும் இல்லை. போன் அவர் கேட்டதைச் சொன்னது: "நீங்கள் உங்கள் பையனை எடுத்துவிட்டீர்களா?"

அம்மா என்னைப் பார்த்தாள். "கேக்கறது நியாயம்தானே? என்ற பையன் இன்னும் அங்கதான தொங்கறான்." பிறகு போனிடம் சொன்னாள்: "நான் எடுக்கறேன். நீங்களும் எடுங்க."

அந்த அம்மாள் கயிற்றோரம் நடந்தார். முதலில் என் தாள். மழையில் நனைந்து காய்ந்து சுருண்டிருந்தது. கிளிப்பைக் கழற்றி மடித்துக் கைப்பையில் வைத்தார். பிறகு மகளின் தாள். அதன் முன் நின்றார். கேமரா தரையைக் காட்டியது, மரத்தைக் காட்டியது, யாரோ ஒருவரின் முழங்காலைக் காட்டியது. நாங்கள் இருவரும் திரையருகே நகர்ந்தோம்.

"பாதில நிக்கறாங்க" என்று அம்மா கிசுகிசுத்தாள். "நாம இன்னும் எடுக்கலைன்னு நிக்கறாங்க. லேப்டாப்பைக் கொண்டா."

திருமண இணையதளத்தில் என் பக்கத்தை நடத்திவந்தது அவள்தான். பாஸ்வேர்டை என்னிடம் சொல்லாமல், என்னைத் திரும்பி உட்காரச் சொல்லிவிட்டு, ஒற்றை விரலால் தானே அடித்தாள். கணக்கை நிரந்தரமாக நீக்க வேண்டுமா என்று திரை கேட்டது. லேப்டாப்பைத் தூக்கிப் போனின் முன்னால் காட்டினாள். அந்த அம்மாளுக்கு அது ஒரு எழுத்தும் புரிந்திருக்காது. ஆனால் புரிந்துகொண்டார். அம்மா பட்டனை அழுத்தினாள். அங்கே கிளிப் கழன்றது.

அந்த அம்மாள் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு திரை அணைந்தது.

எனக்கு நிம்மதி வரும் என்று எதிர்பார்த்திருந்தேன். வந்தது ஒரு தவிப்பு. கூடத்தில் இரண்டு முறை குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். காபி போடலாமா என்று கேட்டேன். அம்மா லேப்டாப்பை மூடி, அதன் மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"இனி உன்கிட்ட என்னடா பேசறது?" என்றாள்.

பழியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். 2015இலிருந்து எங்களுக்குள் வேறு பேச்சு என்ன இருந்தது என்று எனக்கும் சொல்லத் தெரியவில்லை. சாப்பிட்டாயா, தூங்கினாயா, ஒரு ஜாதகம் வந்திருக்கிறது.

காபியைக் கொடுத்தேன். பாதி குடித்த பிறகு, புதிதாக அறிமுகமான ஒருவரிடம் கேட்பது போல அவள் கேட்டாள்: "அந்த ஃபேக்டரில நீ என்னதான் பண்ணுவ?"

"பாகமெல்லாம் சரியா இருக்குதான்னு அளந்து பாப்பேன்."

"சரியில்லைன்னா?"

"திருப்பி அனுப்பிருவேன்."

"யாரு சொல்றது சரியில்லைன்னு?"

"நான்தான்."

"அவங்களுக்குக் கோவம் வராதா?"

"வரும். சத்தம் போடுவாங்க. போன தடவை ஒருத்தர் மேசையில அடிச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு."

"அடப்பாவி. நான் ஆத்தங்கரையில ஆடிட்டிருந்தப்ப உனக்கு இதெல்லாம் நடந்துச்சா?" அம்மா நாற்காலியை மேசைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள். "யாரு அந்த ஆளு? மொதல்ல இருந்து சொல்லு."